பயாஸைக் காதால் படித்தேன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முப்பத்தெட்டு அழைப்புகள். அதில் பதினொன்று "கம்ப்யூட்டர் மெதுவா இருக்கு". ஒருவர் பிளக்கையே சொருகவில்லை. அதைக் கண்டுபிடிக்க எங்கள் இருவருக்கும் இருபது நிமிடம் ஆனது.

மதியம் ஒரு பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளையா ஏதோ வந்து நிக்குதுங்க. ஆபீஸ் மொத்தமும் நிக்குது." படிக்கச் சொன்னேன். அழுவதற்கு ஒரு படி முன்னால் இருக்கிற குரலில் எழுத்தெழுத்தாகப் படித்தார். அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன். போட்டவுடன் எஃப் டூவை விடாமல் தட்டச் சொன்னேன். வலது அம்புக்குறி நான்கு தடவை. "இப்போ மேல 'பூட்'னு வந்திருக்கும், கீழே முதல் வரியில யு.எஸ்.பி. இருக்கா?" இருந்தது. யாரோ சொருகிய பென் டிரைவ் இரண்டு நாளாக அப்படியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கணினி தினமும் முதலில் அதனிடம் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

சரியானதும் கேட்டார்: "உங்க ஸ்கிரீன்ல என்னுது தெரியுதாங்க? அவ்வளவு கரெக்டா சொல்றீங்க."

என் ஸ்கிரீனில் தெரியாது. என் கண்ணிலும் தெரியாது, பிறந்ததிலிருந்தே. அதை அவரிடம் சொல்லவில்லை. நன்றி, நாள் நல்லதாக அமையட்டும், அடுத்த அழைப்பு.

மார்ச் 6, வியாழன்

மேலாளர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். ஏப்ரல் முப்பதோடு தொலைபேசி உதவிப் பிரிவை மூடுகிறார்கள். இனிமேல் வாடிக்கையாளர் கூப்பிட்டால் ஒரு இயந்திரக் குரல் பதில் சொல்லுமாம். ஒன்பது வருடம் நான் பேசியதையெல்லாம் பதிவு செய்து வைத்தது இதற்குத்தானா?

கம்பெனியின் பெரிய கணினிகள் இருக்கிற சர்வர் அறையில் மூன்று இடம் காலி. செய்முறைத் தேர்வு உண்டு. தேறியவர்கள் இருக்கலாம், மற்றவர்களுக்கு நன்றி.

பக்கத்து இருக்கைக்காரர் வரிசையாக மூன்று தும்மல் போட்டார். மனசு கலங்கினால் அவருக்குத் தும்மல் வரும். அவரை நான் தும்மலண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் அது பிடிக்கும். ஐம்பத்திரண்டு வயது. இனி எங்கே போவார்?

நான் எழுந்து கேட்டேன்: "சார், நானும் தேர்வுக்கு வரலாமா?"

மேலாளர் மெதுவாகச் சொன்னார்: "அது எழுத்துப் பரீட்சை இல்லம்மா. கை வேலை."

"கை ரெண்டும் இருக்கு சார்."

யாரோ சிரித்தார்கள். மேலாளரும் சிரித்துவிட்டார். பெயர் எழுதிக்கொண்டார்.

மார்ச் 7, வெள்ளி

சர்வர் அறையின் தலைவி என் இருக்கைக்கே வந்தார். இடுப்பில் சாவிகள் குலுங்க நடப்பார், நான்கு அறை தள்ளி வரும்போதே தெரியும். எனக்குள் அவர் பெயர் சாவிக்கொத்து.

"நேராவே சொல்லிடறேன். சர்வர் எழுந்து நின்னுட்டா நீங்க என்னைவிட வேகமா வேலை பார்ப்பீங்க. அதுல எனக்குச் சந்தேகமில்ல. எழறதுக்கு முன்னாடி? பயாஸ் ஸ்கிரீன்ல உங்களுக்குப் படிச்சுச் சொல்ற குரல் பேசாதே. அப்போ யாரைக் கூப்பிடுவீங்க? அந்த அறையில பாதி நாள் ஒரே ஆள்தான்."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கேட்டது சரியான கேள்வி. அதுதான் நெஞ்சில் தைத்தது.

மார்ச் 9, ஞாயிறு

என் வீட்டுக்காரரிடம் விளக்கினேன். ரொட்டி வேன் ஓட்டுகிறவர், வாரத்தில் இந்த ஒரு நாள்தான் முழுக்க வீட்டில் இருப்பார்.

"பயாஸ்னா என்ன, வைரஸ் மாதிரியா?"

இல்லை. கணினியைப் போட்டதும் முதலில் ஓடுகிற சின்ன நிரல். எல்லாப் பாகமும் சொருகியிருக்கிற மதர்போர்டில் விரல் நகம் அளவு ஒரு சிப்பில் குடியிருக்கிறது. மின்சாரம் வந்ததும் அதுதான் முதலில் கண் விழிக்கும். மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, திரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். பிறகு எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்று தன் பட்டியலைப் பார்த்து, அங்கே இருக்கிற பெரிய மென்பொருளை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இப்போது வருகிற கணினிகளில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் எல்லோர் வாயிலும் பயாஸ்தான்.

"அப்போ உனக்கு என்ன பிரச்சினை?"

எனக்குத் திரையைப் படித்துச் சொல்கிற குரல் அந்தப் பெரிய மென்பொருளுக்குள் இருக்கிறது. அது எழுந்த பிறகுதான் குரலும் எழும். அதற்கு முன்னால் வருகிற பயாஸ் திரையில் எனக்கு வெறும் அமைதி. கணினியின் மற்ற எல்லா அறையிலும் தனியாக நடமாடுகிறேன், வாசலில் மட்டும் யாராவது கை பிடிக்க வேண்டும்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் படிச்சுச் சொல்றேன். உன் நாத்தனார் வீட்டு கம்ப்யூட்டர் வேற ரிப்பேருக்கு வந்து இங்கதான கிடக்கு. பழகிப் பாரேன்."

மார்ச் 9, அதே நாள், சாயங்காலம்

போச்சு. எல்லாம் போச்சு.

அவர் படித்தார், நான் அழுத்தினேன். முதல் திரையில் என்ன இருக்கிறது என்றால் "நீலமா இருக்கு" என்றார். நீலத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? கீழே இரண்டு வரி பெட்டிக்குள்ள ஏதோ வந்திருக்கு. அவர் "ஆமாவா, இல்லையான்னு கேக்குது" என்று மட்டும் சொன்னார். ஆமா போட்டேன். இப்போ கம்ப்யூட்டர் எழவே மாட்டேங்குது. நாத்தனார் கடைப் படமெல்லாம் அதுலதான் இருக்கு.

"பெட்டிக்குள்ள என்ன எழுதியிருந்துச்சு?"

"தேவையில்லாததுன்னு நினைச்சு விட்டுட்டேன்."

யாருக்குத் தேவையில்லாதது? எனக்கு எது தேவைன்னு இவர் எப்படி முடிவு பண்ணலாம்? சத்தம் போட்டுட்டேன். அவர் எழுந்து வெளியே போயிட்டார்.

மார்ச் 10, திங்கள்

காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும் முன் கணினியின் மூடியைக் கழற்றினேன். மதர்போர்டில் சட்டைப் பொத்தான் போல ஒரு பேட்டரி இருக்கும். பயாஸின் அமைப்புகளையும் கடிகாரத்தையும் கரண்ட் இல்லாத நேரத்தில் காப்பது அதுதான். அதைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் வைத்திருந்து, திரும்பப் போட்டால் அந்த போர்டு நேற்று நடந்ததை மறந்துவிடும். விரல் நகத்தால் நெம்பி எடுத்தேன்.

கணினி எழுந்தது. என் குரலும் எழுந்தது. படங்கள் எல்லாம் பத்திரம். இணையத்தில் தேடியதில் தெரிந்தது: டிஸ்க்கோடு பேசும் விதத்தை மாற்றட்டுமா என்று அந்தப் பெட்டி கேட்டிருக்கிறது. நான் ஆமா போட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பை மாட்டியபடி நின்றார். "அந்த ரெண்டு வரியைப் படிச்சிருக்கணும்."

"ஆமா. நான் கத்தியிருக்கக் கூடாது."

"கத்தினது சரிதான். ஆனா ஒண்ணு. நான் எப்பவும் பக்கத்துல இருக்க முடியாது. உனக்கு என் கண்ணு வேண்டாம், வேற வழி வேணும்."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரொட்டி வேன் போகிற வரைக்கும் நின்று கேட்டேன். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மனுஷன்.

மார்ச் 14, வெள்ளி

போன் கேமராவைத் திரைக்கு முன் பிடித்தால் படித்துச் சொல்கிற செயலியைப் போட்டுப் பார்த்தேன். பயாஸ் திரையைப் பார்த்து அது சொன்னது: "நீல நிறப் பரப்பு. சுவராக இருக்கலாம்." இதற்கு என் வீட்டுக்காரரே தேவலாம்.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு கண்டுபிடிப்பு. உலகத்துக்குப் பழசு, எனக்குப் புதுசு.

பயாஸுக்குச் சொந்தமாக ஒரு குரல் உண்டு. திரையே வேலை செய்யாதபோது எதைக் கொண்டு குறை சொல்வது? பீப் சத்தத்தால் சொல்லும். புதிய போர்டுகளில் அதற்கான ஸ்பீக்கரை வைப்பதில்லை, ஆனால் அதற்குரிய நான்கு ஊசிகள் இன்னும் இருக்கின்றன. நகம் அளவு ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி நாத்தனார் கணினியில் மாட்டினேன்.

மாட்டிவிட்டுப் போட்டேன். ஒரே ஒரு குட்டி பீப். எல்லாம் நலம் என்று அர்த்தம்.

மெமரியைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன். நீளமாக, திரும்பத் திரும்ப. அழுகிற பிள்ளை மாதிரி. திரைக்கான அட்டையைப் பிடுங்கினேன்: ஒரு நீளம், இரண்டு குட்டை. ஒவ்வொரு கம்பெனி போர்டுக்கும் கணக்கு மாறுமாம், அதற்கான பட்டியல் அந்தந்தக் கையேட்டில் இருக்கும். காலையிலிருந்து பிடுங்குவதும் மாட்டுவதுமாக நாற்பது தடவை. பக்கத்து வீட்டம்மா சுவரைத் தட்டிக் கேட்டார்: "என்ன, கோழிக்குஞ்சு வளக்கறீங்களா?"

ஆக, கணினி ஏன் எழவில்லை என்று காதாலேயே சொல்லிவிட முடியும். சரி. ஆனால் பயாஸ் அமைப்புகளைப் படிப்பது? பீப் அதைச் சொல்லாது.

மார்ச் 19, புதன்

பேருந்தில் போகும்போதும் வரும்போதும் சர்வர் கையேட்டைக் கேட்டேன். முந்நூற்று இருபது பக்கம். என் குரலை நான் வைத்திருக்கிற வேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், "ரேடியோ கெட்டுப்போச்சாம்மா?" என்றார்.

நூற்று எண்பத்தேழாம் பக்கம். ஒரே பத்தி. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன், அது வேறு கதை.

சர்வர்கள் எங்கோ பூட்டிய அறையில் திரையே இல்லாமல் இருப்பவை. அதனால் பயாஸ் தன் திரையில் எழுதுகிற எழுத்துகளை ஒரு சீரியல் கேபிள் வழியாக இன்னொரு கணினிக்கும் அனுப்பும். அந்த இன்னொரு கணினி ஏற்கெனவே எழுந்து நிற்பது. அதில் என் குரல் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியென்றால்...

நான் இதை ஏன் இத்தனை வருடம் தேடவில்லை? யாராவது ஒருவர் படித்துச் சொல்லிக்கொண்டே இருந்ததால்தானா?

மார்ச் 20, வியாழன்

சாவிக்கொத்திடம் போய், பயிற்சிக்கு ஒரு பழைய சர்வர் வேண்டும் என்று கேட்டேன். கழித்துப்போட்ட சர்வர் ஒன்று கிடங்கில் இருந்தது. எதற்கு என்று கேட்டார். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தைச் சொன்னேன்.

சாவிச் சத்தம் நின்றது. யோசிக்கும்போது அசைய மாட்டார்போல.

"அந்த வசதி பாதி சர்வர்ல மூடியிருக்கும். அதைத் திறக்கணும்னா பயாஸுக்குள்ள போகணும். பயாஸைப் படிக்கிறதுக்காக பயாஸைப் படிக்கணும். அதுக்கு என்ன வழி?"

"தெரியல மேடம். கையேட்டை வெச்சு, எத்தனை தடவை அழுத்தணும்னு எண்ணிப் போய்ப் பார்க்கலாம்னு இருக்கேன்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 22, சனி

ரொட்டி வேனில் சர்வர் வந்து இறங்கியது. இருபது கிலோ. சாப்பாட்டு மேஜைமேல் வைத்துப் போட்டோம். காற்றாடிகள் சுழன்ற சுழற்சியில் மேஜை விரிப்பு பறந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "விமானமா?" என்று கேட்டார். "ஆமாங்க, இன்னும் பத்து நிமிஷத்துல கிளம்பிடும்" என்றார் என் வீட்டுக்காரர்.

சீரியல் கேபிள் தும்மலண்ணன் மேஜை இழுப்பறையில் பல வருடமாகக் கிடந்தது. அவரே கொண்டுவந்து கொடுத்தார். அவரும் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார், ஆனால் கணினிக்குள் கை வைக்கப் பயம். "தங்கச்சி, நான் போன்ல பேசியே பொழச்சவன்" என்றார். நாளையிலிருந்து இருவரும் சேர்ந்து பழகுவதாகப் பேச்சு.

மார்ச் 23, ஞாயிறு

இந்த நாளை முழுசாக எழுதிவைக்க வேண்டும்.

கையேட்டில் மெனு எந்த வரிசையில் இருக்கிறது என்று மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்பது வருடம் ஊரார் படிக்கக் கேட்டுக் கேட்டு மெனுக்களின் சாயல் தெரியும். போட்டேன். பீப் வந்ததும் எஃப் டூ. வலது ஒன்று. கீழே ஏழு. என்டர். கீழே இரண்டு. என்டர். மேலே ஒன்று. என்டர். சேமிக்க எஃப் டென். என்டர். நடுவில் ஒரு சத்தமும் கிடையாது. இருட்டில் அடுத்தவர் வீட்டுப் படிக்கட்டில் இறங்குவது எப்படி இருக்கும் என்று கண் தெரிகிறவர்கள் சொல்வார்களே, அது இதுதான்போல.

சர்வர் அணைந்து திரும்ப எழுந்தது. கேபிளின் மறுமுனையில் இருந்த மடிக்கணினியில் காதை வைத்தேன். பேசியது. ஆனால் உளறல். கேள்விக்குறி, கேள்விக்குறி, டாலர், ஒய், கேள்விக்குறி.

தும்மலண்ணன் சோர்ந்துபோனார். "கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே. பேசுது. நமக்குப் புரியாத வேகத்துல பேசுது."

கேபிளின் இரண்டு முனையும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியில் வேகத்தை மாற்றினேன். திரும்பவும் சர்வரைப் போட்டேன். ஒரு நிமிடம் போயிற்று. இன்னொரு நிமிடம்.

பிறகு என் குரல், என் பழைய அவசரக் குரல், நிதானமாகப் படிக்க ஆரம்பித்தது. பயாஸ் பதிப்பு எண். பிராசசரின் பெயர். மெமரி எவ்வளவு. அமைப்புகளுக்குள் போக எஃப் டூ அழுத்தவும்.

எஃப் டூ அழுத்தினேன். முதன்மை. கூடுதல் வசதிகள். பாதுகாப்பு. பூட். வெளியேறு. ஒவ்வொன்றாகச் சொன்னது. நடுநடுவே கட்டம் போடும் கோடுகளையும் விடாமல் "கோடு கோடு கோடு" என்று படித்தது. எனக்கு அதுவும் வேண்டும். இருக்கட்டும். எல்லாவற்றையும் படிக்கட்டும். இந்தத் திரையில் எனக்குத் தேவையில்லாதது என்று எதுவும் இல்லை.

தும்மலண்ணன் ஆறு தடவை தும்மினார். என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றார். "என்ன சொல்லுது?"

"தேதி தப்பா இருக்காம். மாத்தணுமாம்."

"அவ்வளவுதானா?" என்றார்.

நான் அழவில்லை என்று எழுதினால் பொய்.

மார்ச் 27, வியாழன்

புதுத் தலைவலி. மெனுவில் நான் எந்த வரியில் நிற்கிறேன் என்பதை பயாஸ் நிறத்தால்தான் காட்டுகிறது. நிற்கிற வரி வெளுப்பாக மாறுமாம். என் குரலுக்கு எழுத்து தெரியும், வெளுப்பு தெரியாது. எல்லா வரியையும் படிக்கிறது, நான் எங்கே இருக்கிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது. ஊர் மொத்தமும் தெரிந்து தன் வீட்டு விலாசம் தெரியாத நிலைமை.

மார்ச் 28, வெள்ளி

விடிந்தது. திரையின் வலது ஓரத்தில் ஒரு விளக்கப் பகுதி இருக்கிறது. நான் நிற்கிற வரிக்கான விளக்கம் மட்டும் அங்கே வரும். கீழே ஒரு தடவை அழுத்தினால் அந்த விளக்கம் மாறும். அதை மட்டும் படிக்க வைத்தால் நான் நிற்கிற இடம் தெரிந்துவிடும்.

தும்மலண்ணனிடம் சொன்னபோது கேட்டார்: "வலது பக்கம் விளக்கம் வருதா? நான் கவனிச்சதே இல்லையே."

ஏப்ரல் 5, சனி

தும்மலண்ணன் இன்று முதல் தடவையாகத் தானே மெமரியைக் கழற்றி மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னேன். பார்த்தால் பயப்படுகிறார்.

எனக்கும் ஒரு பயம் இருக்கிறது. தேர்வில் எந்த சர்வர் வரும்? இதே மாடலாக இருந்தால் எண்ணிப் போய்த் திறந்துவிடுவேன். வேறு மாடலாக இருந்து, வசதியும் மூடியிருந்தால்?

ஏப்ரல் 15, செவ்வாய்

நாளை தேர்வு. வீட்டுக்காரர் கேபிளைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, நானே சரிபார்க்கட்டும் என்று பையை என் கையில் கொடுத்தார். தொட்டுப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் சுருட்டியிருக்கிறார்.

ஏப்ரல் 16, புதன்

வேறு மாடல்தான் வந்தது. வேறு கம்பெனியே.

சாவிக்கொத்து தேர்வுத் தாளை வாசித்தார். எழாத சர்வரை எழ வைக்க வேண்டும். பென் டிரைவில் இருக்கிற சோதனை நிரலை ஒருமுறை ஓட்ட வேண்டும். பிறகு பழையபடி டிஸ்க்கிலிருந்தே எழுமாறு மாற்ற வேண்டும். கடைசியாக, கரண்ட் போய் வந்தால் சர்வர் தானாக எழ வேண்டும். நாற்பத்தைந்து நிமிடம். கையேடு பார்க்கலாம். அடுத்தவர் உதவி கூடாது. மேலாளரும் வந்து உட்கார்ந்திருந்தார். செருப்பைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

போட்டேன். மூன்று நீள பீப், நிறுத்தம், மூன்று நீள பீப். மெமரி. அணைத்து, மூடியைத் திறந்து வரிசையாகத் தடவினேன். நான்காவது மெமரிப் பட்டையின் ஓரக் கொக்கி சாய்ந்து நின்றது. வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு கட்டை விரலாலும் அமுக்கினேன், 'டக்'. திரும்பப் போட்டேன். ஒற்றை பீப். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேலாளரின் செருப்பு நின்றது.

கேபிளைச் சொருகினேன். அமைதி.

சர்வர்கள் நிதானமாகத்தான் எழும். மூன்று நிமிடம் காத்திருந்தேன். அமைதி. வேகத்தை மாற்றிப் பார்த்தேன். நான்கு வேகம். உளறல்கூட இல்லை. மூடித்தான் வைத்திருக்கிறார்கள். மெனு எனக்குத் தெரியாத மெனு. எண்ணிப் போனால் எங்கே போய் எதை அழுத்துவேனோ. நாத்தனார் கம்ப்யூட்டரில் செய்த மாதிரி ஆமா போட்டுவிட்டால்?

பதினான்கு நிமிடம் போய்விட்டது என்று சாவிக்கொத்து சொன்னார்.

மடிக்கணினியில் கையேட்டைத் திறந்தேன். தேடு: சீரியல். எழுபத்தொன்றாம் பக்கம். முழு வேகத்தில் ஓட விட்டேன். "இது என்ன பாஷை?" என்று மேலாளர் முணுமுணுத்தார். ஒரு வரியில் நிறுத்தித் திரும்பக் கேட்டேன். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இந்த வசதி திறந்தே இருக்கும்.

அப்படியென்றால் யாரோ பிறகு மூடியிருக்கிறார்கள். அதை போர்டு மறந்துவிட்டால் போதும்.

தேடு: ஜம்பர். நூற்று ஐந்தாம் பக்கம். பேட்டரிக்குப் பின்னால் மூன்று ஊசி, அதில் இரண்டின்மேல் ஒரு குட்டித் தொப்பி. தொப்பியை அடுத்த ஜோடிக்கு மாற்றி வைத்தால் பயாஸ் தன் அமைப்புகளை அழித்துவிட்டுப் பிறந்த நிலைக்குப் போகும். இரண்டு மின் கம்பியையும் பிடுங்கினேன். விரலால் பேட்டரியைத் தேடினேன், அதன் பின்னால் மூன்று ஊசியைத் தேடினேன்.

"எதுக்கு அதைத் தொடறீங்க?" என்றார் சாவிக்கொத்து.

"இது பழசை மறக்கணும் மேடம். மறந்தாதான் என்கிட்ட பேசும்."

தொப்பி விரலிலிருந்து நழுவி போர்டுக்குள் விழுந்தது. தேட ஒரு நிமிடம் ஆயிற்று. எனக்கு அது ஒரு வருடம். கிடைத்தது. மாட்டினேன், பத்து வரை எண்ணினேன், பழைய இடத்துக்கே மாற்றினேன். மின் கம்பிகளைச் சொருகினேன். போட்டேன்.

பீப்.

காற்றாடிச் சத்தம் தணிந்தது. ஒரு நிமிடம்.

என் குரல் பேசியது. பதிப்பு எண். பிராசசர். மெமரி, எட்டுப் பட்டையும் சரி.

அதற்கப்புறம் எல்லாம் என் ராஜ்ஜியம். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன், அவர்களும் கேட்கட்டும் என்று. பூட் வரிசையில் பென் டிரைவை மேலே ஏற்றினேன், வலது ஓர விளக்கத்தைக் கேட்டுக்கேட்டு. சோதனை நிரல் ஓடி, குறை இல்லை என்றது. திரும்ப டிஸ்க்கை மேலே ஏற்றினேன். கரண்ட் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற வரிக்குப் போனேன். அணைந்தே இரு, முன்பிருந்தபடி இரு, எழு. 'எழு' என்று வைத்தேன். எஃப் டென் அழுத்தப் போன கையை நிறுத்தினேன். அமைப்புகளை அழித்தபோது கடிகாரத்தையும் சேர்த்து அழித்திருப்பேனே. மேலே போய்ப் பார்த்தால் எந்தக் காலத்துத் தேதியோ காட்டியது. இன்றைய தேதியும் மணியும் வைத்தேன். சேமித்தேன்.

பிறகு சுவரிலிருந்து மின் கம்பியைப் பிடுங்கினேன். எல்லாம் அடங்கியது. திரும்பச் சொருகினேன். கையை எடுத்துக் கட்டிக்கொண்டு நின்றேன். சர்வர் தானாக எழுந்தது.

நாற்பத்தொரு நிமிடம்.

சாவிக்கொத்து கிட்டே வந்தார். "ஒரு கேள்வி. ஓடிக்கிட்டிருக்கிற சர்வர்ல இப்படி அழிப்பீங்களா?"

"மாட்டேன் மேடம். என் அறையில இருக்கிற சர்வர்னா வந்த முதல் நாளே அந்த வசதியைத் திறந்து வெச்சிருப்பேன். அழிக்க வேண்டிய அவசியமே வராது."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "காலையிலிருந்து நாலு பேர் வந்தாங்க. ரெண்டு பேர் அந்த அமைப்பை அழிச்சாங்க. தேதியைத் திரும்ப வெச்சது நீங்க மட்டும்தான்."

வெளியே வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பன்னை முழுசாகத் தின்றேன். இவ்வளவு ருசியான பன்னை என் வீட்டுக்காரர் இதுவரை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. இதுவும் அவர் வேனில் வந்ததுதான்.

ஏப்ரல் 21, திங்கள்

அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிவிட்டார்கள். தும்மலண்ணன் என் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் நிறுத்தி, மேலே இருக்கிற அலுவலக முகவரியிலிருந்து கீழே இருக்கிற முத்திரை வரைக்கும் ஒரு புள்ளியையும் விடாமல் படித்தார். மூன்று பெயர். முதல் பெயர் என்னுடையது. மூன்றாவது அவருடையது. தன் பெயரைப் படிக்கும்போது மட்டும் தும்மல் குறுக்கே வந்துவிட்டது.

சாவிக்கொத்து போகிற போக்கில் நின்றார். "எல்லா சர்வர்லயும் அந்த வசதியைத் திறந்துடச் சொல்லியிருக்கேன். உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. இனிமே நானும் அந்தக் குளிர்ல போய் நிக்காம என் மேஜையிலிருந்தே படிச்சுக்கலாம்."

போனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டாராம். பிறகு, "உன் நாத்தனார்கிட்ட நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?" என்றார். நீங்களே சொல்லுங்க என்றேன். ஊரெல்லாம் சொல்வார். சொல்லட்டும்.

மே 2, வெள்ளி

சர்வர் அறை. குளிர். நாளை ஸ்வெட்டர் எடுத்துப் போக வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

சாவிக்கொத்து இந்த வாரம் விடுமுறை. தும்மலண்ணன் பல் மருத்துவரிடம். அறையில் நான் மட்டும்.

பதினொன்றரைக்கு இரண்டாம் வரிசையில் ஒரு சர்வர் அணைந்து, எழ மறுத்தது. மூன்று அலுவலகங்களின் வேலை அதில். மேலாளர் ஓடிவந்து கதவருகே நின்றார். கேட்டேன், படித்தேன். அதன் பழைய டிஸ்க் ஒன்று செத்துப்போயிருந்தது, பயாஸ் அதையே தேடிக்கொண்டிருந்தது. அடுத்த டிஸ்க்கிலும் அதே பிரதி இருக்கிறது, அதைக் காட்டிவிட்டேன். எழுந்தது. செத்த டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். மேலாளர் எப்போது திரும்பிப் போனார் என்று கவனிக்கவில்லை.

ஒரு மணிக்குச் சாவிக்கொத்து ஊரிலிருந்து கூப்பிட்டார். பின்னால் குழந்தைகள் சத்தம்.

"எல்லாம் சரியா ஓடுதா?"

"ஓடுது மேடம். காலையில ஒண்ணு நின்னுச்சு, பார்த்துட்டேன்."

"சரி" என்று வைத்துவிட்டார். என்ன நின்றது என்றுகூடக் கேட்கவில்லை.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அப்படியே சாப்பிட்டேன்.